உப்பளத்துப் பரீட்சை

பிரைட்டனைப் பார்த்து யாரும் பயந்ததில்லை. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். ஞாயிற்றுக்கிழமை மனைவி பிளாரன்சைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போவான், கடைசி வரிசையில் நிற்பான். தெருச் சண்டை எதிலும் தலையிடாதவன் என்று பெயர். அவன் இரண்டு பேரை வெட்டிக் கொன்றவன் என்பது தெருவுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது.

இளவயதில் சங்கு குளிக்கப் போனவன். படகில் கம்ப்ரசர் ஓடும். காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு பத்து பாகம், அதாவது அறுபது அடி ஆழத்துக்கு இறங்க வேண்டும். மேலே குழாயைப் பிடித்திருப்பவன் ஜோன்ஸ், ஒரே தெருக்காரன். ஒருநாள் மோட்டார் நின்றுபோனது. ஜோன்ஸ் கை தோல் உரிய இழுத்து அவனைப் படகில் போட்டான். அதோடு பிரைட்டனுக்கு ஒரு காது மந்தமானது. சங்கு குளிப்பதை விட்டான். அவன் போகாத கடலுக்கு ஜோன்சும் போகவில்லை.

சும்மா இருந்த இருவரையும் சேர்த்துக்கொண்டவர் வேதமணி. வெளியே லாரி புக்கிங் ஆபீஸ், உள்ளே இலங்கைக்குப் பீடி இலை கடத்தல். முதலில் மூட்டை ஏற்றினார்கள். பிறகு காவல் நின்றார்கள், பிறகு ஆளை மிரட்டினார்கள். ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரிந்தது. கையில் அரிவாள் வந்தபோதும் அப்படித்தான் இருந்தது. ஜோன்ஸ் பைக் ஓட்டுவான், பின்னால் பிரைட்டன். இரண்டாவதாக விழுந்தவர் சிவப்பிரகாஷ் என்ற லாரிக்காரர். வேதமணிக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டவர். அந்த வேலை முடிந்த பிறகுதான் வேதமணி பிரைட்டனுக்கு யார்டு வேலையை வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் இரண்டு லோடு பிடிபட்டது. வேதமணி அவனை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"நம்ம கூட இருக்கவன் ஒருத்தன்தான் போலீசுக்குச் சொல்லுதான்."

"யாரு அண்ணாச்சி?"

"ஜோன்ஸ்."

"அவன் அப்படிச் செய்ய மாட்டான்."

"செஞ்சானா இல்லையாங்கது என் பாடு. நீ யாரு பக்கம்னு எனக்குத் தெரியணும்லா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிரு." எழுந்து கதவு வரைக்கும் கூட வந்தவர், "பிளாரன்சு சொகமா இருக்காளா?" என்று கேட்டார்.

மூன்று நாள் பிரைட்டன் வேலைக்குப் போனான், சாப்பிட்டான், தூங்கவும் செய்தான். அவன் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான். வேறொருவன் என்றால் ஜோன்ஸ் வதைபட்டுச் சாவான். இதைத் திரும்பத் திரும்பத் தனக்குள் சொல்லிப் பார்த்ததில் அது நியாயம் போலவே ஆகிவிட்டது.

வியாழக்கிழமை, தருவைக்குளத்தில் ஒரு பழைய ஃபைபர் படகு விலைக்கு வருகிறது, பார்க்கலாம் என்று ஜோன்சைக் கூப்பிட்டான். இந்தத் தடவை பிரைட்டன் பைக் ஓட்டினான். உப்பளப் பாதையில் பம்ப் கொட்டகை பக்கம் நிறுத்தி, கொஞ்சம் நிழலில் இருப்போம் என்றான். உச்சி வெயில். விடியலிலேயே வந்த வேலையாட்கள் வீடு திரும்பியிருந்தார்கள். பாத்திகளின் வெள்ளை கண்ணைக் கூசவைத்தது.

ஜோன்ஸ் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"பையக் கீழ வையிலே. எவ்வளவு நேரம் தோள்லயே போட்டிருப்ப?"

பிரைட்டன் வைக்கவில்லை.

"அண்ணாச்சி என்னையத்தான சொன்னாரு?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாசம் என்ட்ட ஒன்னையச் சொன்னாரு. நீதான் போலீசுக்குச் சொல்லுதேன்னு. முடிச்சிட்டு வா, பெறகுதான் ஒன்ன நம்புவேன்னாரு. என்னால ஆகாதுன்னுட்டேன். அன்னைக்கே தெரியும், என் முறை வரும்னு. ஒன்னைய அனுப்புவாருன்னுதான் நெனைக்கல."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நேரா அவர்ட்ட போய்ச் சண்டைக்கு நிப்ப. ரெண்டு பேரையும் சேத்து முடிச்சிருவாரு."

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் என்கூட வந்த?"

"நீ கூப்பிட்டல்லா."

பிரைட்டன் அங்கேயே குந்தினான். ஒரே பரீட்சையை இரண்டு பேருக்கும் வைத்திருக்கிறார். ஜோன்ஸ் கேட்ட இடத்திலேயே மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். தானோ பைக்கில் பெட்ரோல் போட்டு, அரிவாளைச் சாணை பிடித்து, இந்தக் கொட்டகை வரைக்கும் வந்தாயிற்று. தண்ணீர் கேட்டான். ஜோன்ஸ் பாட்டிலை நீட்டினான். வாங்கிக் குடித்துவிட்டு, பையைக் கழற்றிக் கீழே வைத்தான்.

அன்று மாலையே பிளாரன்சை மணப்பாட்டில் அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். காரணம் சொல்லவில்லை. மறுநாள் காலை இருவரும் கோர்ட்டில் சரணடைந்து, செய்ததையெல்லாம் சொன்னார்கள். ஜோன்சை அப்ரூவராக மாறச் சொன்னது பிரைட்டன்தான். ஒருத்தனாவது வெளியே இருக்கட்டும் என்றான். வழக்கு முடிந்ததும் ஜோன்ஸ் கொல்லம் பக்கம் போய்விட்டான்.

போலீசுக்குத் துப்புக் கொடுத்தவன் என்று யாருமே இல்லை என்பது விசாரணையில் தெரிந்தது. கடலோர ரோந்தில் தற்செயலாக மாட்டிய லோடுகள் அவை.

சிவப்பிரகாஷின் மனைவி சண்முகப்ரியா சாட்சிக் கூண்டில் அழவில்லை. வெட்டுப்பட்ட அன்று மகளுக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போன கணவர், ஐந்தாம் நம்பரா ஆறாம் நம்பரா என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார் என்று மட்டும் சொன்னார். பிரைட்டன் அதுவரை அந்த மனிதரை ஒரு முதுகாகத்தான் நினைவில் வைத்திருந்தான். அதன் பிறகு அப்படி வைத்திருக்க முடியவில்லை.

வேதமணிக்கும் அவனுக்கும் ஆயுள் தண்டனை. பாளையங்கோட்டை ஜெயிலில் இது ஆறாவது வருஷம். சமையல் கூடத்தில் வேலை.

பிளாரன்ஸ் மாதம் ஒரு தடவை மனுப் போட்டு வருவாள். ஒருநாள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"ஜோன்ஸ் அன்னைக்கு வாயத் தொறக்கலைன்னா, செஞ்சிருப்பியளா?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்து ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தான். நல்ல பதில்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"செஞ்சிருப்பேன்."

கொண்டுவந்த பிஸ்கட்டையும் சோப்பையும் காவலரிடம் கொடுத்துவிட்டு அவள் போய்விட்டாள். மூன்று மாதம் வரவில்லை. இனி வரமாட்டாள் என்றுதான் அவன் நினைத்தான். உண்மையைச் சொன்னதற்காக வருத்தப்படவுமில்லை, அதனால் மனசு லேசாகவுமில்லை.

நான்காம் மாதம் வந்தாள். அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மழைக்கு அடுப்படித் தளம் ஒழுகுகிறது, எந்தக் கொத்தனாரைக் கூப்பிடட்டும் என்று கேட்டாள். பிரைட்டன் கொஞ்சம் யோசித்து ஒரு பெயரைச் சொன்னான். அவள் அதை போனில் குறித்துக்கொள்ள முடியாதே, போனை வாசலில் வாங்கி வைத்திருந்தார்கள். இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனசில் வைத்துக்கொண்டாள்.