கலசம் வைத்த புகைபோக்கி

எங்கள் புகைபோக்கியின் தகர மூடி துருப்பிடித்து ஓட்டையானதில், ஐப்பசி மழை நேராக விறகடுப்பில் இறங்கியது. புது மூடி போடத் திருவையாற்று வெல்டிங் பட்டறைக்காரரைக் கூப்பிட்டேன். முன்வழுக்கை, வீட்டுக்குள்ளும் கழற்றாத கறுப்புக் கண்ணாடி. எதைச் செய்தாலும் உச்சியில் ஒரு கலசம் வைத்துவிடுவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டிலும் ஒன்று இருந்தது.

எங்கள் மூடியின் மேலும் பளபளவென்று எவர்சில்வர் கலசம். மறுநாளே பஸ்ஸில் போகிறவர்கள் எங்கள் சமையலறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஓர் அம்மாள் வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து, "சாமி எந்தப் பக்கம்ங்க?" என்றார். அன்று அடுப்பில் கருவாட்டுக் குழம்பு.

பட்டறைக்காரரை வரவழைத்து, "கலசத்தை எடுத்துடுங்க" என்றேன்.

"கும்புட்டுட்டுத்தானே சார் போறாங்க? திட்டிட்டா போறாங்க? மழை ஒழுகுதா?"

"ஒழுகல."

"அப்புறம் என்ன சார்?"

பைக்கில் ஏறிப் போனவர் சாலை வளைவில் நிறுத்தி, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புகைபோக்கியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என்னைக் கிண்டல் செய்தாரா, நிஜமாகவே கும்பிட்டாரா என்று இன்றுவரை தெரியவில்லை. என் மனைவிக்குச் சந்தேகமே இல்லை. அந்த அடுப்பில் அதற்குப் பிறகு கருவாடு ஏறவில்லை.