பவதாரணி அக்கா தைத்த வெள்ளைத் திரை

பவதாரணி அக்காவை நான் முதலில் சந்தித்தது சுவிஸின் வின்டர்தூர் நகரில், ஒரு அடுக்குமாடியின் நிலவறையில். பூவேலை இயந்திரத்தோடு இணைத்த கணினி அசையாமல் நின்றுவிட்டது என்று யாரோ என் தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்திருந்தார்கள்.

"நீதானோ அந்தக் கொம்பியூட்டர் பெடியன்?"

"ஓம் அக்கா. எங்கட குடும்பத்திலயே முதல் பட்டதாரி." கேட்காமலே சொல்லிவிட்டேன்.

"முதல்ல இதுக்கு உயிர் குடு. பட்டத்தைப் பேந்து கதைப்பம்."

காலையில் முதியோர் இல்லச் சலவைப் பகுதி, பிற்பகலில் சேலைச் சட்டைகளுக்குப் பூவேலை. அதுதான் அக்காவின் நாள். அந்த இல்லத்து மூதாட்டி ஒருவரின் கிழிந்த மேசைவிரிப்பை அவர் தைத்துக் கொடுத்திருந்தார். அதைப் பார்த்த மூதாட்டியின் மகள் திருமதி புளும், தங்கள் ஜெப ஆலயத்துக்கு ஒரு திரை செய்து தர முடியுமா என்று கேட்டார். வேதச் சுருள்கள் இருக்கும் பேழையின் முன் தொங்கும் திரை. யூதப் புத்தாண்டுக்கு வெள்ளையில் வேண்டும். உருவங்கள் கூடாது, பழைய பாணியும் வேண்டாம்.

அக்காவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. "மலையும் இல்லை, சூரியனும் இல்லையடா தம்பி, வெளிச்சம் மட்டும்!" கீழிருந்து பொன்னூல் கோடுகள் எழுந்து பாதி உயரத்தில் கரைவதுபோல் வரைந்தார். நான் தாளை ஸ்கேன் செய்து இயந்திரத்துக்கு அனுப்பினேன். துணியை இறுக்கிப் பிடிக்கும் சட்டத்தை இடம் மாற்றி மாற்றி மூன்று நாள் தைத்தோம். கடைசிச் சட்டத்தைக் கழற்றியபோது இருவரும் குனிந்து பார்த்தோம்.

திரையின் உச்சியில், பொன்னூலில், பெருவிரல் அளவில் ஒரு பிள்ளையார் சுழி!

வரையத் தொடங்குமுன் தாளின் தலையில் அக்கா போட்டது. கைப்பழக்கம். எனக்கும் அது படத்தின் பகுதியாகவே தெரியவில்லை, அழிக்காமல் விட்டுவிட்டேன். புத்தாண்டுக்கு இரண்டு வாரம். வேறு துணி எடுத்துத் தைக்க நாளில்லை.

"அக்கா, அதுக்கு மேல சின்னத் தொங்கல் துணி ஒண்டு வருமாம். மறைஞ்சுபோம். சொல்லாதையுங்கோ."

"எங்கட அம்மன் கோயில் திரையில ஆரும் தங்கட அடையாளத்தைத் தைச்சு ஒளிச்சால் நீ விடுவியோ?"

"விடமாட்டன்."

"பிறகென்ன? பெரிய பட்டதாரி!" என்றபடியே தொலைபேசியை எடுத்தார். முதல் பெரிய வேலை கைநழுவிப் போகலாம் என்று தெரிந்துதான் எடுத்தார்.

திருமதி புளும் வந்து நெடுநேரம் பார்த்தார். மறைக்காமல் சொன்னதற்கு நன்றி, ஆனால் இது திரையில் இருக்க முடியாது என்றார். அவிழ்த்தால் ஊசித் துளைகள் தெரியும். அக்கா சட்டென்று விரலைப் பாதியில் கரைந்த கோடொன்றின் நுனியில் வைத்து உச்சிவரை இழுத்துக் காட்டினார். "இந்தக் கோடுகளை மேலவரைக்கும் கொண்டுபோகட்டோ?" நான் ஜெர்மன் மொழியில் சொல்லி முடிக்குமுன்பே திருமதி புளும் தலையாட்டினார்: "கொண்டுபோங்கள், கொண்டுபோங்கள்!"

"பிள்ளையாரே, குறை நினையாதையும்," என்று சொல்லிக்கொண்டே அக்கா அதை அவிழ்த்தார். ஆறு பிற்பகல்கள் கையூசியாலேயே தைத்தார். ஏழு கோடுகள் துளைகளின் மேலாக உச்சியைத் தொட்டன.

புத்தாண்டுக்கு முந்தின வாரம் திரையைத் தொங்கவிட்டார்கள். அக்கா என் கையைக் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் நொந்தது.

பவதாரணி அக்கா இப்போது வாரத்தில் மூன்று நாள்தான் சலவைப் பகுதிக்குப் போகிறார். மற்ற நாட்களில் அதே ஆலயத்துக்கு, சாதாரண நாட்களில் தொங்கவிடும் நீலத் திரையைத் தைக்கிறார்.