பாறை இடுக்கில் கேட்ட கேள்வி

சில வருடங்களுக்கு முன்பு, புரட்டாசி மாதக் கடைசியில் நடந்தது இது. செஞ்சிக் கோட்டைக்கு மேற்கே வரிசையாகக் கிடக்கும் பாறை மலைகளில் ஒன்று. பெயர் சொன்னாலும் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. கோட்டை இல்லாத மலையை யார் கண்டுகொள்கிறார்கள்!

எனக்குச் சொந்த ஊர் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகிற பக்கம். வேலை சென்னையில், ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில். அங்கே சிலபேர் சேர்ந்து லீவு நாட்களில் மலையேறப் போவார்கள். அவர்களோடு ஒட்டிக்கொண்டு போனதில் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஆனால் கூட்டமாகப் போனால் ஒருத்தரும் வாயை மூடமாட்டார்கள். சம்பளம், மாப்பிள்ளை, மனை விலை எல்லாம் உச்சி வரைக்கும் கூடவே ஏறி வரும். சே, இதற்கு ஆபீசிலேயே இருந்திருக்கலாமே என்று இருக்கும். அதனால் அந்தத் தடவை தனியாகப் போவது என்று முடிவு செய்தேன்.

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைக் கூட்டம் பெரிய பெரிய பைகளோடு வந்து இறங்கிவிடும். அதற்கு முன்பே, முதல் மழையில் மலை பச்சை கட்டியதும் போய்விட வேண்டும். இந்தப் பக்கம் ஏறி, மேலே சுனை ஓரமாகக் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கி, மறுநாள் அந்தப் பக்கம் இறங்குவது. திட்டம் அவ்வளவுதான்.

அம்மாவிடம் சொன்னபோது, பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "ஆடு மேய்க்கிறவன் போறான், பழம் பறிக்கிறவ போறா. உனுக்கு இன்னாடி வேல அங்க? உன்ன படிக்க வெச்சது கல்லு ஏறவா?" என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "படிச்சதாலதான்மா பொழுதுபோக்கா ஏறுறேன். இல்லன்னா வெறகு பொறுக்க ஏறியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். நாளைக்குச் சாயங்காலம் வந்துவிடுவேன் என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

காலையில் ஏறும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடிவாரம் முழுக்க சீத்தாச் செடிகள், அப்போதுதான் பழுக்க ஆரம்பித்திருந்தன. முந்தின நாள் மழையில் எல்லாமே கழுவிவிட்ட மாதிரி இருந்தது. செஞ்சி மலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவை மண் மலைகள் இல்லை. வீடு பெரிசும் லாரி பெரிசுமாகப் பாறைகளைக் கொட்டிக் குவித்த மாதிரி இருக்கும். பாறைக்கும் பாறைக்கும் நடுவில் இடுக்கு. சில இடுக்கில் கை மட்டும் நுழையும். சிலதில் ஆளே இறங்கலாம். நான் பாதிக்கு மேல் ஏறிவிட்டேன். யாரும் எதுவும் பேசாத காலைப்பொழுது எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டே போனேன்.

வெயில் உச்சிக்கு வந்த நேரம், ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்குத் தாண்ட வேண்டியிருந்தது. பெரிய தாண்டல் எல்லாம் இல்லை, ஒரு சாக்கடையைத் தாண்டுகிற அளவுதான். பையோடு தாண்டினால் பாரம் பின்னால் இழுக்கும் என்று பையைக் கழற்றி முதலில் அந்தப் பாறைமேல் வீசினேன். அப்புறம் நான் தாண்டினேன். விளிம்பில் பாசி இருந்ததை நான் பார்க்கவில்லை. கால் வைத்த வேகத்திலேயே வழுக்கி, இரண்டு பாறைக்கும் நடுவில் நேராக உள்ளே போய்விட்டேன். கூடவே ஒரு கல்லும் சரிந்து வந்து வலது காலை முழங்காலுக்குக் கீழே அழுத்திக்கொண்டது.

முதலில் வலியே தெரியவில்லை. தெரிய ஆரம்பித்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலை இழுத்தால் உயிர் போகிறது. கல்லைத் தள்ளக் குனியலாமென்றால் இரண்டு பக்கமும் பாறை நெஞ்சை நெருக்குகிறது. தலைக்கு மேலே ஒரு கீற்று வானம். போன், தண்ணீர், ஆபத்துக்கு ஊதுவதற்கென்றே வாங்கிய விசில், எல்லாம் மேலே பையில் பத்திரமாக இருந்தன. என் புத்தியை நானே மெச்சிக்கொள்ள வேண்டியதுதான்.

கொஞ்சம் நிதானம் வந்த பிறகுதான் பக்கத்துப் பாறையைப் பார்த்தேன். என் கழுத்து உயரத்துக்கு ஒரு கோடு. அதற்குக் கீழே ஈரம், பாசி, ஒட்டிக்கொண்டிருந்த சருகு. முந்தின நாள் மழைத் தண்ணீர் அந்த உயரத்துக்கு நின்று வடிந்திருக்கிறது. மேலே தெரிந்த கீற்று வானத்தில் மேகம் சேர்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கும் மழை வந்தால் நான் இதற்குள்ளேயே மூழ்கிச் சாவேன். அம்மா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் என்னைத் தேடப் போவதில்லை.

கத்தினேன். நெஞ்சு நெருக்கியதில் ஒரு தடவை கத்தினால் மூச்சு வாங்கி, அடுத்த தடவை கத்த ரொம்ப நேரம் ஆயிற்று. அப்படியே விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து பெண்கள் பேசும் சத்தம் கேட்டது. பழம் பறிக்க வந்தவர்கள். ஐயோ சாமி, பிழைத்தேன் என்று நினைத்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து "யாராவது இருக்கீங்களா?" என்று கத்தினேன்.

பேச்சுச் சத்தம் சட்டென்று நின்றது. பதில் இல்லை. இன்னொரு தடவை மூச்சு சேர்த்துக் கத்துவதற்குள், சருகு மிதிபடும் சத்தம் விலகிப் போவது கேட்டது. ஓடுகிறார்கள்!

அந்த நிமிஷம் எனக்குப் புரிந்துவிட்டது. நானும் அந்த மண்ணில் வளர்ந்தவள்தானே! உச்சிப்பொழுதில் மலையில், முகம் தெரியாமல் ஒரு குரல் கூப்பிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் "ஏன்" என்று கேட்கமாட்டார்கள். ஒற்றைக் கூப்பாடு பேயின் கூப்பாடு. அதற்குப் பதில் சொன்னால் கூடவே வந்துவிடும். விடாமல் மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷக் குரல். நான் மூச்சு வாங்கி வாங்கிக் கத்தியதில் ஒவ்வொன்றும் ஒற்றைக் கூப்பாடாகவே போயிருக்கிறது. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும்தான் ஓடியிருப்பேன்.

பல்லைக் கடித்துக்கொண்டு, கைகளால் பாறையை உந்தி நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்தி, ஒரே மூச்சில் கத்தினேன். "அக்கா! அக்கா! அக்கா!"

சருகுச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, தூரத்திலிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"யாரு அது? மனுசியா, வேற எதனாவா?"

"மனுசிதாங்க்கா! கல்லு இடுக்குல வுழுந்துட்டேன்! காலு மாட்டிக்கிச்சி!"

"எங்கேர்ந்து வந்த?"

"சென்னைக்கா! இன்சூரன்ஸ் ஆபீசுல வேல செய்றேன்!"

சொன்ன பிறகு எனக்கே அபத்தமாக இருந்தது. இன்னொரு பெண்ணின் குரல், பயத்தில் நடுங்கியபடி, அதட்டியவரிடம் சொல்வது என் காதில் விழுந்தது. "மெட்ராஸ்லேர்ந்து ஒத்தப் பொம்பள இங்க வந்து கல்லு ஏறுனாளாம். நம்புற மாதிரியா இருக்குது? வாக்கா, போய்டலாம்."

"போவாதீங்கக்கா! நான் இந்தப் பக்கத்து ஆளுதான்!" என்று எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"அந்த ஊரா? எங்க சின்னம்மா பொண்ண அங்கதான் குட்த்திருக்குது" என்றது அதட்டிய குரல். "எந்தத் தெரு நீ?"

இந்தக் கேள்வியை எனக்கு நன்றாகத் தெரியும். தெருவைக் கேட்பது சாதியைத் தெரிந்துகொள்ளத்தான். பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறார்கள், ஹாஸ்டலில் கேட்டிருக்கிறார்கள், சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போன இடங்களிலெல்லாம் கேட்டிருக்கிறார்கள். "ஊர்ல எந்தப் பக்கம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நான் "ஸ்கூல் பக்கம்", "பஸ் ஸ்டாப் பக்கம்" என்று ஏதாவது சொல்லித் தப்பித்துவிடுவேன். இங்கே தப்பிக்க வழியில்லை. பெரிய தெரு என்றால், அங்கே யார் வீடு என்று அடுத்த கேள்வி வரும், மாட்டிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால்? இவர்கள் யாரோ, எப்படிப்பட்டவர்களோ! கேட்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் இரண்டு பேராக இவர்களும் இருந்துவிட்டால் என் கதை இந்த இடுக்கோடு முடிந்தது. மேலே இடி உருண்டது.

"காலனிக்கா!" என்று கத்தினேன். "ரோட்டுக்கு இந்தாண்ட, தண்ணி டேங்க்கு பக்கத்துல. காலனி!"

ஒரு சத்தமும் இல்லை. நான் வாழ்க்கையில் எவ்வளவோ காத்திருந்திருக்கிறேன், அந்த மாதிரி ஒரு காத்திருப்பு எனக்கு மறுபடியும் வரவே வேண்டாம். பிறகு பாறைமேல் காலடி கேட்டது. என் தலைக்கு மேலே வானத்தை மறைத்துக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. நடு வயது, தலையில் துண்டு கட்டியிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திரும்பி, பின்னால் நின்றவளிடம் சொன்னார்.

"வாடி, மனுசிதான். பேயா இருந்தா பெரிய தெருன்னுல்ல சொல்லியிருக்கும்? எந்தப் பேயிடி தன்னக் காலனின்னு சொல்லிக்கும்?"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்கோ, அந்த வலியிலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் நெஞ்சு வலிக்கிறது, நிறுத்தவும் முடியவில்லை. அப்புறம் அதுவே அழுகையாகிவிட்டது.

அவர் கூட வந்தது ஒரு இளம்பெண். அவளைக் கடப்பாறையோடு ஆள் கூட்டிவரக் கீழே விரட்டிவிட்டு, இடுக்கு கொஞ்சம் அகலமாக இருந்த பக்கமாக அவரே உள்ளே இறங்கி வந்தார். மேலே கிடந்த என் பையிலிருந்து எடுத்து வந்திருந்த தண்ணீரை, தலையைப் பிடித்துக் குடிக்க வைத்தார். "நீ கூப்ட்டத மொதல்லயே கேட்டோம்மா. ஒத்தக் கூப்பாடாவே வந்துச்சி. ஒத்தக் கூப்பாட்டுக்கு எவ திரும்பிப் பார்ப்பா? தப்பா நெனச்சிக்காத" என்றார். மடியிலிருந்து ஒரு சீத்தாப்பழத்தை எடுத்துப் பிட்டு, பெரிய பாதியை என் கையில் வைத்துவிட்டு, மீதியை அவர் தின்றார். விதையைத் துப்பிக்கொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் தெரியக் கூடாது என்று வாய் ஓயாமல் பேசினார். அவர் பெண்ணுக்கு ஸ்கூட்டி வேண்டுமாம், வீட்டுக்காரர் வாங்கித் தரமாட்டேன் என்கிறாராம். பேச்சே இல்லாத இடம் தேடி மலையேறியவள் நான். அன்றைக்கு அந்தப் பேச்சு நிற்கக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொண்டிருந்தேன்.

தூறல் ஆரம்பித்த நேரத்தில் இரண்டு ஆண்கள் கடப்பாறையோடு வந்து சேர்ந்தார்கள். கல்லை நெம்பினார்கள். அந்த அக்கா என்னை அக்குளில் கைகொடுத்துக் கட்டிப்பிடித்துத் தூக்கினார். நான் போட்ட கத்தலுக்கு மலையில் இருந்த பேயெல்லாம் ஓடியிருக்கும். வேட்டியில் தூளி கட்டி என்னைக் கீழே கொண்டு வந்தார்கள். அந்த இளம்பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை, பக்கத்திலும் வரவில்லை. பயமா, கூச்சமா, வேறு ஏதாவதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் என்னுடைய அந்தக் கனமான பையை வழி முழுக்க அவள்தான் தூக்கி வந்தாள்.

ரோட்டில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எலும்பு முறிந்திருந்தது. அன்று சாயங்காலம் மழை கொட்டித் தீர்த்தது. கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, பாறையில் பார்த்த கோடு ஞாபகம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அந்த ராத்திரி என்னைத் திட்டவேயில்லை. பேயைப் பற்றி அந்த அக்கா சொன்னதைச் சொன்னேன். அம்மா என் போர்வையை இழுத்துவிட்டார். "வாஸ்தவந்தான். பொய் சொல்ற வாயி அதையா சொல்லும்?" என்றார்.

அந்த அக்கா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றிய வாய் அது. ஆனாலும் அந்தச் சொல் எனக்கு வலித்தது, இப்போதும் வலிக்கிறது. பேய்கூடச் சொல்லிக்கொள்ள விரும்பாது என்று ஊரே நினைக்கிற ஒரு இடத்தில் பிறந்திருக்கிறேன் என்பது சிரித்துவிட்டு மறந்துவிடுகிற விஷயமா என்ன? அதே சமயம் இன்னொன்றும் உண்மை. படிப்பு, ஆபீஸ், சென்னை என்று நான் பெருமையாகச் சொன்ன எதையும் அன்றைக்கு அவர்கள் நம்பவில்லை.

கால் சரியான பிறகு, ஊரில் எந்தப் பக்கம் என்று யார் கேட்டாலும் காலனி என்று சொல்லிவிடுகிறேன். போன வருடம் வீடு பார்க்கப் போன இடத்தில் அதைக் கேட்டதும் ஒரு வீட்டுக்காரம்மாவுக்கு வீடு காலியில்லாமல் போய்விட்டது. போகட்டும். நான் உயிருள்ள மனுஷிதான் என்று முகம் தெரியாத ஒருத்தியை நம்பவைத்துத் திரும்பி வரச்செய்த வார்த்தை அது. அதை மறைத்துக்கொண்டு வாழ இனி என்னால் முடியாது.