அறைக்குள் இருந்த பத்தொன்பது பேர்

எங்கள் வீட்டுப் பின்னறையில் இரண்டு வருடமாக எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். அவர்களில் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. நல்லூரிலும் சண்டிலிப்பாயிலும் அவரவர் வீட்டுக் கதிரையில் இருந்தார்கள். எங்கள் அறையில் இருந்தது ஒரு கறுப்புப் பெட்டிதான். அதை மகள் சேர்வர் என்றாள்.

"அவை தங்கடை வீட்டிலை இருந்துகொண்டு எங்கடை பெட்டிக்குள்ளை வந்து வேலை செய்யினம் அம்மா. அங்கை அவைக்குத் தெரியிறது இந்தப் பெட்டியின்ரை படம்."

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்கள் வருகிறார்கள், தேத்தண்ணி கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் எனக்கு விளங்கியது. வெளி ஆட்களுக்கு முன்னால் போகக் கூசுகிற எனக்கு அது ஆறுதலாகவும் இருந்தது.

வெளிநாட்டு வைத்தியர்கள் பேசி அனுப்புவதைக் கேட்டுக் கடிதமாக அடித்துக் கொடுப்பது அவர்களின் வேலை. நோயாளிகளின் விஷயம் என்பதால் ஒரு கடிதமும் அந்தப் பெண்களின் வீட்டுக் கொம்பியூட்டரில் தங்கக்கூடாதாம். அதனால்தான் பெட்டி. இப்படி இருக்கும்போது அந்த வேலையைத் தருகிற வெளிநாட்டுக் கந்தோரிலிருந்து ஒரு செய்தி வந்தது. இன்னும் பன்னிரண்டு பேருக்கு வேலை தரலாம். முதலில் ஒரு கிழமை, ஏழு நாள், வேலையைப் பார்ப்பார்கள், கடிதங்கள் அன்றன்றே திரும்பிப் போகவேண்டும். பிந்தினால் பழைய எட்டுப் பேரின் வேலையையும் சேர்த்து வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

மகள் அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "உது சரிவராட்டி நான் கொழும்புக்குத்தான் போகவேணும் அம்மா" என்றாள். அங்கே ஒரு கந்தோரில் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுடைய தகப்பன் போன பிறகு அரியாலையில் அந்த வீட்டுக்குள் நானும் அவளும்தான். "ஓம்" என்றேன்.

பெட்டியைப் பெருப்பிக்க சண்டிலிப்பாயிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கொம்பியூட்டர் வேலையும் தோட்டமும் செய்கிறவர். காற்சட்டை நுனியில் செம்மண் ஒட்டியிருக்கும்.

"எத்தனை பேர் தங்கச்சி?"

"காலமை எட்டு, பின்னேரம் பன்னிரண்டு. மொத்தம் இருபது அண்ணை."

"மொத்தத்தை விடும். எங்கடை பங்குக் கிணத்திலை பதினொரு பங்குக்காரர். கிணறு வத்தாமல் கிடக்கிறது ஏன்? முறை வைச்சு இறைக்கிறம். ஒரே நேரத்திலை எத்தனை பேர் இறைப்பினம் எண்டதைச் சொல்லும்."

"பன்னிரண்டு."

"அப்ப பதினாலு பேருக்குப் போடுவம். ரெண்டு இடம் கைகாவலுக்குக் கூடக் கிடக்கட்டும்."

உள்ளே வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் மேசை மாதிரி ஒரு இடம் வேண்டுமாம். அதற்குப் பெயர் மெமரி. பிறகு இன்ரர்நெற் லைனைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"வாற வேகம் நல்லாத்தான் கிடக்கு. போற வேகம் காணாது, குறைவு. படம் இஞ்சையிருந்துதானே வெளிய போகவேணும். ஆக்கள் வாற வேகத்தைப் பார்த்து லைன் எடுத்துப்போட்டுப் பிறகு என்னைப் பேசுவினம்."

இன்னொரு லைனும் எடுத்தார்கள். கறண்ட் போனால் தாங்க ஒரு பற்றரியும் வந்தது. கடைசியில் அவர் கேட்டார், "மேசையைச் சும்மா விட்டிட்டு எழும்பிப் போற ஆக்களைக் கொஞ்ச நேரத்திலை பெட்டியே வெளிய தள்ளுற மாதிரிச் செய்யட்டோ?"

"வேண்டாம் அண்ணை. அங்கை ஒராளுக்கு லைன் அறுந்தால் பாதி அடிச்ச கடிதம் போயிடும். அவை தாங்களாப் போகட்டும்."

அதற்காக மகள் பெண்களின் திரையில் இரண்டு பொத்தான்களை வைத்தாள். சாப்பிடவோ முகம் கழுவவோ எழும்பினால் ஒன்று. அதை அழுத்தினால் மேசை அப்படியே இருக்கும். வேலை முடிந்தால் மற்றது. அதை அழுத்தினால் மேசையையும் எடுத்துவிடும். பெயரைத் தமிழிலேயே வைத்தாள். முதலாவது 'இந்தா வாறன்'. இரண்டாவது 'போறன்'.

தேத்தண்ணி கொண்டுபோன நான் அதை எட்டி வாசித்தேன். அந்த வேலையில் நான் ஒருநாளும் வாய் வைத்தவள் இல்லை. அன்றைக்கு வைத்தேன்.

"பிள்ளை, நாளாந்தம் பொம்பிளைப் பிள்ளையள் வேலை முடிச்சு வெளிக்கிடேக்கை 'போறன்' எண்டே சொல்லுறது? 'போட்டு வாறன்' எண்டு போடன். போனால் திரும்பி வரவேணுமெல்லோ."

மகள் சிரித்தாள். "கொம்பியூட்டருக்கும் சகுனமோ அம்மா? சரி, உங்கடை ஆசை." மாற்றிவிட்டாள்.

அந்தக் கிழமை தொடங்கியது. காலையில் எல்லாம் நல்லபடி நடந்தது. பின்னேரப் பெண்கள் வந்ததும் பெட்டி பெரிதாக இரையத் தொடங்கியது. ஒரு எழுத்தை அடித்தால் அது தெரிய நாலு தரம் கண் வெட்டவேண்டும் என்று தொலைபேசியில் முறையிட்டார்கள். சிலருக்குத் திரை இருண்டுபோனது. லைன் பிழை என்று நினைத்துச் சண்டிலிப்பாய்க்காரர் தொலைபேசியிலேயே இரண்டாவது லைனுக்கு மாற்றச் சொன்னார். மாற்றியும் அதே கதை. அடுத்த நாள் அவருக்கு இறைப்பு முறை, வர முடியவில்லை. மூன்று நாள் கடிதங்கள் பிந்தின. மகள் சோற்றைப் பிசைந்தபடி இருப்பாள், வாயில் வைக்கமாட்டாள். நான் சோற்றுக் கோப்பையை எடுக்கவும் பயந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் அவர் வந்து பார்த்தார்.

"தங்கச்சி, உள்ளுக்குப் பத்தொன்பது பேர் இருக்கினம்."

"பன்னிரண்டு பேர்தானே அண்ணை வேலை செய்யினம்."

"மற்ற ஏழும் காலமை ஆக்கள். சமைச்சுச் சாப்பிட்டுப் படுத்திருப்பினம். இஞ்சை மேசையைப் பிடிச்சுக்கொண்டு கிடக்கினம்."

மகள் ஒரு பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தாள். அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது. "ரெண்டிலையும் வாறன் எண்டுதானே அக்கா கிடக்கு. நாளைக்கு வாறம்தானே எண்டு முதலாவதை அமத்தினனான்."

அவர் திரையைக் குனிந்து பார்த்தார். "ஆர் உந்தப் பேர் வைச்சது?"

நான் குசினி வாசலில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். மகள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான் அண்ணை."

"படிச்ச பிள்ளை, உப்பிடியே வைக்கிறது?" அவர் பகிடியாகத்தான் சொன்னார். அவள் காது சிவந்துபோனது. நான்தான் வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனேன்.

அன்றே 'போறன்' என்று மாற்றினார்கள். ஏழு பேரும் வெளியே போனார்கள். மிச்ச நாள்களில் பெட்டி முன்போல மெல்லிய இரைச்சலோடு ஓடியது, ஒரு கடிதமும் பிந்தவில்லை. ஆனால் வெளிநாட்டுக் கந்தோர் பார்த்தது முதல் மூன்று நாளைத்தான். மரியாதையான கடிதம் ஒன்று வந்தது. மகள் அதை எனக்கு வாசித்துக் காட்டவில்லை.

அவள் கொழும்புக்கு வெளிக்கிட்ட அன்று வாசல் படலை வரைக்கும் கூடப் போனேன். அந்தப் பெயர் என் பிழை என்று அவளிடம் சொல்லவேண்டும் என்று விடியத் தொடக்கம் நினைத்து வைத்திருந்தேன். ஓட்டோக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டு வாறன் அம்மா."

"ஓம், போட்டு வா."

பத்து நாள் கழித்துச் சண்டிலிப்பாய்க்காரர் பெட்டியைக் கழற்ற வந்தார். அதை வேறு ஒருவர் எடுப்பதாகச் சொல்லியிருந்தாராம். நிற்பாட்டுவதற்கு முதல் திரையைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒராள் இன்னும் உள்ளுக்கு இருக்கு அம்மா. உங்கடை மகள்தான். எல்லாருக்கும் சொல்லிக் குடுத்திட்டு, தான் 'இந்தா வாறன்' எண்டதை அமத்திப்போட்டுப் போயிருக்கிறா."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த மனிதரோடு அதுவரை நான் நாலு சொல்லும் கதைத்ததில்லை.

"தம்பி, உந்தப் பேர் நான் வைச்சது."

"எந்தப் பேர்?"

"'போட்டு வாறன்' எண்டது. பிள்ளை சரியாத்தான் வைச்சவள். நான்தான் மாத்தச் சொன்னனான்."

"அதுக்கென்னம்மா, இனி" என்றார். பிறகு, "இவவை வெளிய விடட்டோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

அவர் அமத்தி அவளை வெளியே விட்டார், பிறகு பெட்டியையும் நிற்பாட்டினார். பெட்டியின் இரைச்சல் இறங்கி நின்றது. இரண்டு வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம். அதை நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.