சுருக்கம் எடுப்பவர்

பெரிய ஓட்டல் ஒன்றின் அடித்தளச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருடங்களாக இஸ்திரி போடுகிறார் அவர். விருந்தாளிகளின் சட்டையில் சுருக்கம் எடுப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் கூட வேலை செய்பவர்கள் அவருக்குச் 'சுருக்கம்' என்று பட்டப்பெயர் வைத்தது அதற்காக இல்லை.

நானூறு பக்கப் புத்தகத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் பிழிந்து காதில் ஊற்றும் செயலி ஒன்று அவர் போனில் இருந்தது. முதல் சட்டையின் காலரில் பிரபஞ்சம் வெடிக்கும். மூன்றாவது சட்டைக்குள் குரங்கு மனிதனாகிவிடும். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த மனிதன் கெட்ட பழக்கங்களை எல்லாம் விட்டு உருப்பட்டும் விடுவான்.

"அண்ணே, இன்னைக்கு எத்தனை புத்தகம் தேய்ச்சீங்க?" என்பார் துவைக்கும் இயந்திரத்துக்காரர்.

"ஏழு," என்பார் இவர், கூச்சமே இல்லாமல்.

இவ்வளவு ஞானம் வீட்டுக்கும் பயன்பட வேண்டாமா? மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. வந்ததும் செருப்பைக் கழற்றியபடியே, "இன்னைக்கு ஒருத்தர் வந்தாருங்க..." என்று ஆரம்பிப்பாள்.

"சுருக்கமாச் சொல்லு. மூணே பாயிண்ட்."

அவளிடம் மூன்று பாயிண்ட் இருந்ததில்லை. நாளடைவில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. இல்லற அமைதியைப் பற்றி ஏற்கெனவே பன்னிரண்டு நிமிடம் கேட்டிருந்ததால், அது வந்துவிட்டது என்றே அவர் நம்பினார்.

நேரில் பேசினால் காதில் கருவி இருக்கிறது, போனில் சொன்னால் கருவி வழியாகவே போய்ச் சேருமே என்று அவள் ஒரு கணக்குப் போட்டாள். ஒரு புதன்கிழமை மதியம் பதினொரு நிமிடம் பேசி, பதிவு செய்து அனுப்பினாள். செயலியில் புதிய வசதி வந்திருந்தது. யார் குரலையும் அது பிழிந்து தரும். தந்தது: 'மனைவி சோர்வாக இருக்கிறார். நாளை அக்கா வீட்டுக்குச் செல்கிறார். சாவி பக்கத்து வீட்டில்.'

அவர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார். மறுநாள் காலை பெட்டியோடு வாசலில் நின்றவளிடம், "அக்காவைக் கேட்டதாச் சொல்லு," என்றும் சொன்னார். பெருந்தன்மை!

பன்னிரண்டு நாள் ஆயிற்று. அவள் வரவில்லை. மனைவி திரும்பி வராததற்குச் செயலியில் புத்தகம் எதுவும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் இஸ்திரிப்பெட்டியை அணைத்துவிட்டு, அந்தப் பதினொரு நிமிடத்தையும் கேட்டார்.

ஆறு நிமிடம் வரை ஒழுகும் குழாய், பல் பிடுங்கப் பயந்து ஓடிய போலீஸ்காரர், அதை நினைத்து அவள் பஸ்ஸில் தனியாகச் சிரித்தது. ஏழாவது நிமிடத்தில் குரல் இறங்கியது.

"உங்ககிட்ட வார்த்தையை எண்ணி எண்ணியே எனக்குப் பேச்சு மறந்துபோச்சு. அக்கா என்னை அங்கேயே இருந்துடச் சொல்றா. எனக்குப் போக மனசே இல்லைங்க. போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, பெட்டியை எடுக்கவே மாட்டேன்."

ஒரே வார்த்தை. அவர் கேட்ட ஆயிரக்கணக்கான புத்தகங்களிலும் இவ்வளவு சின்னச் சுருக்கம் கிடையாது. இப்போது அந்த வார்த்தைக்கும் வேலை இல்லை, அவள் போய்விட்டாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது.

அவளுக்குப் போன் போட்டார்.

"நான்தாம்மா. உன்கிட்ட நிறையச் சொல்லணும். முழுசாக் கேட்டேன். அந்தப் போலீஸ்காரர் கதையைக்கூட..."

அந்தப் பக்கம் யாரோ பல்வலியில் முனகுவது கேட்டது. பிறகு அவள் குரல்.

"வேலையில இருக்கேன். சுருக்கமாச் சொல்லுங்க."