பான் செவெரின் விட்ட ஒரே பெருமூச்சு

எங்கள் போலந்துத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் போட்டால் காதலி, கொலைகாரன், போப்பாண்டவர், மூன்று வயதுக் குழந்தை எல்லோருக்கும் ஒரே ஆண்குரல்தான். பின்னால் அசல் குரல்கள் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். மேலே ஒருவர் எங்கள் மொழியில் எல்லா வசனத்தையும் படித்துக்கொண்டே போவார். அவர் நடிக்கக் கூடாது, அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. நல்ல வாசிப்பாளர் என்றால் பத்தாவது நிமிஷத்தில் அவரை ஜனம் மறந்துவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், நமக்கென்ன!

வார்சாவில் இந்த வேலையை முப்பத்தெட்டு வருஷம் பார்த்தவர் செவெரின் கோபியெல்ஸ்கி. மரியாதையாகச் சொன்னால் பான் செவெரின். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர். இந்தப் பக்கம் ஒலிப்பதிவு மேசையில் நான், யாகோதா. என் புருஷன் பேச்சைக்கூட நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் விவாகரத்து இன்னும் சீக்கிரமாக முடிந்திருக்கும்.

இளம் வயதில் அவர் வானொலியில் ஆறுகளின் நீர்மட்டம் வாசித்தவர். ஒரு வருஷம் பெருவெள்ளத்தில் அவருடைய மாமனார் வீடே அடித்துக்கொண்டு போனது. அன்றைக்கும் அந்த ஊர்ப் பேரையும் சென்டிமீட்டர் கணக்கையும் குரல் பிசிறாமல் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு ஓடினார். மாமியார் அதை இன்னும் மன்னிக்கவில்லை. “நான் அழுதிருந்தா கேக்கறவன் நம்பரைத் தவற விட்டிருப்பான்ல?” என்பார் பான் செவெரின். பதிவுக்கு முன்னால் ஒரு பச்சை ஆப்பிள் தின்பார், வாய் ஒட்டுகிற சத்தம்கூட வரக் கூடாது என்று.

அவர் உயிரையே வைத்திருந்த படம் ஒன்று உண்டு. ‘மிச்சமுள்ள மின்சாரம்’ என்ற பழைய அமெரிக்க விண்வெளிப் படம். அட்டையில் செய்த கப்பல், துணி துவைக்கும் இயந்திரத்தின் கதவுதான் ஜன்னல். ஒரு மனிதன், ஒரு பேசும் இயந்திரம். கப்பலில் மின்சாரம் குறைந்துபோய், மனிதனுக்குக் காற்று தருவதா, இயந்திரம் ஓடுவதா என்று நிலைமை வருகிறது. இயந்திரம் தானே அணைந்துவிடுகிறது. அப்புறம் பதினோரு நிமிஷம் பேச்சே இல்லை. அவன் இருண்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான். “நான் வாசிச்சதுலயே உருப்படியா வாசிச்சது அந்தப் பதினோரு நிமிஷந்தான் யாகோதாம்மா” என்பார்.

அதைத்தான் போன வருஷம் கோடி கோடியாகக் கொட்டி மறுபடி எடுத்தார்கள். அட, நாசமாய்ப் போக! வீரனுக்கு ஒரு மனைவி, ஒரு முன்னாள் மனைவி, ஒரு நாய். நாய்க்கும் விண்வெளி உடை. இயந்திரம் நிமிஷத்துக்கு ஒரு ஜோக் அடிக்கிறது. மின்சாரம் தீர்ந்துபோன கப்பல் நாலு எதிரிக் கப்பல்களைச் சுட்டு வீழ்த்துகிறது. எந்தக் கரண்டில் என்று கேட்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அதை எங்கள் சேனல் வாங்கியது. நிகழ்ச்சித் தலைவர் கொன்ராட் ஒலிக்கூடத்துக்கே வந்தார். தாடியும் வெள்ளை ஷூவுமாக முப்பது வயதுக்காரர்.

“பான் செவெரின், மேலிடத்துல கம்ப்யூட்டர் குரல் வாங்கலாம்னு பேச்சு ஓடுது. இந்தப் படத்தை ஒரு பிசிறில்லாம முடிச்சுக் குடுங்க, உங்க நாற்காலியை நான் காப்பாத்தறேன்.”

அந்த நாற்காலி போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. “வீட்டுல உக்காந்து சீரியலை எனக்கு வாசிச்சுக் காட்டினீங்க, நடக்கறதே வேற” என்று மனைவி ஓட்டிலியா முன்னமே எச்சரித்திருந்தார்.

இரண்டே முக்கால் மணி நேரம் சோதனைதான், ஆனாலும் மனிதர் அசரவில்லை. கடைசியில் இயந்திரம் அணைந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த மௌனத்துக்காகக் காத்திருந்தோம். சரியாக மூன்று வினாடி! திரையில் சிவப்பு விளக்கு எரிந்தது, இயந்திரம் கண்ணடித்தது. “என்ன பங்காளி, என்னைத் தேடினியா?” நாய் குரைத்தது, கிட்டார் அலறியது. அந்த வசனத்தையும் பான் செவெரின் அமைதியாக வாசித்தார். உடனே ஒரு பெருமூச்சு கேட்டது. நானும் அந்த நொடியில்தான் பெருமூச்சு விட்டிருந்தேன். என்னுடையதுதான் என் காதில் விழுந்தது என்று நினைத்து அப்படியே அனுப்பிவிட்டேன். தப்பு என்னுடையது.

கிறிஸ்துமஸ் இரண்டாம் நாள், கெண்டை மீனைத் தின்றுவிட்டுச் சோபாவில் சாய்ந்திருந்த நாடே அந்தப் பெருமூச்சைக் கேட்டது. சாயங்காலத்துக்குள் அது கைபேசி கைபேசியாகப் பறந்தது. ‘படத்திலேயே நேர்மையான இடம் இதுதான்’ என்று ஒரு பத்திரிகை எழுதியது. பனியனில்கூட அச்சடித்துவிட்டார்கள். பான் செவெரினோ வெட்கத்தில் வெளியே தலைகாட்டவில்லை. ஒருநாள் ரொட்டி வாங்கப் போனால், கடைக்காரி அவர் முகத்தைப் பார்த்து நெஞ்சு நிறையப் பெருமூச்சு விட்டுவிட்டு ரொட்டியை நீட்டினாளாம்.

ராஜினாமாக் கடிதத்தோடு அலுவலகம் வந்தார். கொன்ராட் அதைப் படிக்காமலே அவரைக் கட்டிப்பிடித்தார்.

“நீங்க இப்ப ஸ்டார்! அடுத்த மாசம் பழைய படத்தைப் போடறோம். நீங்களே புதுசா வாசிக்கறீங்க. அந்தப் பதினோரு நிமிஷத்துல நாலு பெருமூச்சு. ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரம் தருது.”

“அதுக்கு எதுக்குத் தம்பி பெருமூச்சு? அது நல்ல படமாச்சே!”

“இருக்கட்டுமே, ஜனம் கேக்குது.”

“நான் மாட்டேன்னா?”

“அப்ப கம்ப்யூட்டர் விடும். அதுக்கு நாற்காலிகூட வேணாம்.”

பதிவு நாளில் கொன்ராட் என் பக்கத்திலேயே நின்றுகொண்டார். பான் செவெரின் ஆப்பிளைத் தின்று முடித்து வாசிக்கத் தொடங்கினார். இயந்திரம் அணைந்தது. கொன்ராட் கண்ணாடி வழியாகக் கன்னத்தை உப்பவைத்துச் சைகை காட்டினார், பலூன் ஊதுகிறவர் மாதிரி. பான் செவெரின் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணீர் தாடை வரைக்கும் வழிந்தது. மூக்கை உறிஞ்சினால்கூட ஒலிவாங்கி பிடித்துவிடும் என்று அப்படியே வழியவிட்டார். பதினோரு நிமிஷமும் மூச்சுச் சத்தம் வரவில்லை.

“யாகோதா, அந்தப் பழைய பெருமூச்சை வெட்டி நாலு இடத்துல ஒட்டிடு” என்று சொல்லிவிட்டுக் கொன்ராட் போய்விட்டார்.

ஒட்டினேனா? நல்லா ஒட்டினேன்! பதிவுப் பெட்டிக்கு மேலே ‘சரிபார்த்தாயிற்று’ என்ற சீட்டை ஒட்டி, சுத்தமான பதிவை அனுப்பிவைத்தேன்.

படம் வெளியானதும் புகார்கள் கொட்டின. ‘டிவி ரிப்பேர் என்று நினைத்துத் தட்டினேன்.’ ‘பெருமூச்சு எங்கே, ஏமாற்றிவிட்டீர்கள்.’ ‘வாசித்தவர் இருந்தாரா இல்லையா என்றே தெரியவில்லை.’ மெத்தைக் கம்பெனி தாம்தூம் என்று குதித்தது. என்னைச் சமையல் நிகழ்ச்சிக்குத் தூக்கியடித்தார்கள்; இப்போது வெங்காயம் வதங்குவதைப் பதிவு செய்கிறேன். பான் செவெரினைக் கூப்பிட்டு வேலைநீக்கக் கடிதத்தை நீட்டினார்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். காரணம் என்ற இடத்தில், ‘படம் முழுவதும் வாசிப்பாளர் இருப்பதே நேயர்களுக்குத் தெரியவில்லை’ என்று டைப் அடித்திருந்தார்கள். அந்த வரியை இரண்டாம் தரம் படித்தார். முகம் மெல்ல மலர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

“ஏன் தம்பி, இதுல வெறும் கையெழுத்துதானே இருக்கு?” என்று கடிதத்தைக் கொன்ராட் பக்கம் தள்ளினார். “ஆபீஸ் சீலும் குத்திக் குடுங்க. வீட்டுல சட்டம் போட்டு மாட்டணும்.”