வெறும் வயிற்றோடு பால் வெட்டப் போன நாள்

யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் நான் மரம் கீறிப் பால் வெட்டுகிறேன். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு உடம்பு ஏறி, மலை ஏறினாலே மூச்சு வாங்கியது. கிளினிக்கில் எடையைக் குறைக்கச் சொன்னார்கள். நான் செய்த முட்டாள்தனம், காலை ரொட்டியை அடியோடு நிறுத்தியதுதான்.

ஒருநாள் பால் வாளியோடு சரிவில் இறங்கும்போது கண் இருட்டியது. நான் ஒரு பக்கம், வாளி ஒரு பக்கம் விழுந்தோம். விழித்துப் பார்த்தால், முடியெல்லாம் ரப்பர் பால் ஒட்டிப் பிடித்திருந்தது. கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுத்தார்கள்.

அன்றிரவு, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், மாமியார் பிடித்துக்கொண்டார். "மலையில வேல செய்றவளுக்கு எதுக்குடி டயட்டு? நீ மெலிஞ்சா, சோறு போடலன்னு லயமே என்னைத்தான் பேசும்" என்று, பிள்ளைகள் வைத்த மிச்சத்தையெல்லாம் என் தட்டில் கொட்டினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலையில் பட்டினி கிடந்துவிட்டு, இரவில் எல்லாருடைய மிச்சத்தையும் நான்தானே தின்றுகொண்டிருந்தேன்!

"மாமி, நான் சாப்பிடுறேன். ஆனா என் சோத்த நானே போட்டுக்குறேன். இந்த மிச்சம் எனக்கு வேணாம்" என்றேன்.

"அப்போ சோத்த வீசுறதா?" என்று கணவர் குரலை உயர்த்தினார்.

"நீங்க சாப்பிடுங்களேன்" என்றேன். அவர் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு கழுவப் போய்விட்டார்.

இப்போது ரொட்டி சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன். பிள்ளைகளுக்கும் எனக்கும் அளவாகத்தான் சோறு. எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, இறங்கட்டும். என் கட்டை முடியைப் பார்த்து லயத்தில் சிரிக்கிறார்கள். முடி வளர்ந்துவிடும். அந்த மிச்சத் தட்டு மட்டும் இனி என் பக்கம் வராது.